சீனத்துப் பழங்களும் மரத்தளிரும்: எதைச் சாப்பிடலாம், எதை நடலாம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவுக்கு வியாபாரத்துக்கும் மருத்துவப் படிப்புக்கும் போய்வருகிறவர்கள் ஒரு பக்கம். புதுப்புது மரக்கன்றுகளைத் தேடித்தேடி நடுகிற தோட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். லிச்சி, கிவி எல்லாம் நம்மூர்ப் பழக்கடைக்கே வந்துவிட்டதால் அவற்றை விட்டுவிட்டேன்.

எந்த மாதத்தில் போனால் எது கிடைக்கும்?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 20 வாக்கு வரை சியாங்சுன் என்கிற மரத்தளிர். மே மாதம் லோக்காட் பழம். ஜூனில் யாங்மே. ஜூலை, ஆகஸ்டில் தெற்கே குவாங்டோங், குவாங்சி பக்கம் ஹுவாங்பி. மழை ஓய்ந்த பிறகு குய்ஜோ மாகாணத்தின் முள் ரோஜாப் பழம், வடக்கே புது இலந்தை. உறைபனி விழுந்தபின் குவாய்ஸாவ்.

டிக்கெட் எடுத்த பிறகு "எந்தப் பழம் சாப்பிடலாம்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அந்த வாரம் காய்கறிச் சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதை வாங்குங்கள். பெயர் தெரிந்த பழத்தைப் பருவம் தவறித் தேடினால், குளிர்பதன அறையில் நாள்கணக்காகக் கிடந்ததுதான் கைக்கு வரும். பதப்படுத்தி விற்கிற லோஹான்குவோ, காய்ந்த இலந்தை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

மரத்தின் தளிரைப் போய்ச் சாப்பிடுவார்களா? அது என்ன மரம்?

சாப்பிடுவார்கள். வரிசையில் நின்று வாங்கியும் சாப்பிடுவார்கள். சியாங்சுன் வேப்பங்குடும்பத்து மரம். தாவரவியலில் டூனா சைனென்சிஸ். இதன் உடன்பிறப்பான டூனா சிலியாட்டா நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. சந்தன வேம்பு என்று மரக்கடைக்காரர்கள் சொல்கிற சிவப்புப் பலகை அதுதான். (அதன் தளிரைப் பறித்து முட்டையில் போட்டுப் பார்க்க வேண்டாம். சமையலுக்கான மரம் வேறு.)

குளிர்காலத்தில் சியாங்சுன் இலையெல்லாம் உதிர்த்து மொட்டைக் கொம்பாக நிற்கும். வசந்தம் தொடங்கியதும் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கொத்து வெடிக்கும். கருஞ்சிவப்பு நிறம், எண்ணெய் தடவினது போன்ற மினுமினுப்பு. நீண்ட கழியில் கொக்கி கட்டி அந்தக் கொத்தை மட்டும் ஒடித்தெடுப்பார்கள். முதல் ஒடிப்புக்குத்தான் விலை. ஒடித்த இடத்துக்குக் கீழே பக்கத் தளிர் மறுபடி வரும், அதையும் விற்பார்கள், ஆனால் வாசம் ஒரு படி இறங்கிவிடும்.

சீனப் பழைய நாட்காட்டி ஆண்டை 24 பருவங்களாகப் பிரிக்கிறது. அதில் ஏப்ரல் 20 வாக்கில் வருவது குயூ, அதாவது தானிய மழை. அந்த மழைக்கு முன் சியாங்சுன் பட்டு, மழைக்குப் பின் கட்டை என்று ஒரு சொலவடை உண்டு. மிகையில்லை. ஒரு வாரத்தில் காம்பு நாரோடிப்போகும். அன்ஹுய் மாகாணத்தின் தாய்ஹே வட்டாரத்துத் தளிருக்குப் பழங்காலத்திலிருந்தே பெயர்.

ருசி எப்படி இருக்கும்?

வெங்காயமும் பூண்டும் எண்ணெயில் வதங்கும்போது எழுகிற வாசம், அதோடு கொஞ்சம் பச்சை இலையின் துவர்ப்பு. வெங்காயத்தில் இருப்பதைப் போலவே இதிலும் கந்தகச் சேர்மங்கள்தான் வாசத்துக்குக் காரணம். சீனர்களிலேயே இந்த வாசம் ஆகாது என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாய் பிடிக்கவில்லையென்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், இரண்டாவது வாயும் அப்படித்தான் இருக்கும்.

எப்படிச் சமைப்பது? பச்சையாகத் தின்றால் ஆபத்து என்கிறார்களே?

எந்தச் சமையலானாலும் முதல் வேலை கொதிநீரில் போட்டெடுப்பது. இந்தத் தளிரில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் மற்றக் கீரைகளைவிட அதிகம். தளிர் முற்ற முற்ற, வாங்கி வைத்து நாளாக ஆக, இன்னும் கூடும். நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டால் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், ரசத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீரில் விழுந்த சில நொடிகளிலேயே கருஞ்சிவப்பு மறைந்து முழுப் பச்சையாகிவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். அதுதான் சரியான நிறம். எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, பிழிந்து, பொடியாக நறுக்க வேண்டும்.

அப்புறம் மூன்று வழி. முட்டையில் அடித்துக் கலந்து ஆம்லெட் போல ஊற்றுவது, இதுதான் வீட்டுக்கு வீடு நடப்பது. மிருதுவான டோஃபுவோடு உப்பும் எள்ளெண்ணெயும் சேர்த்துப் பிசறுவது. கொத்தை நறுக்காமல் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. பொரித்ததை 'சியாங்சுன் மீன்' என்பார்கள், மீன் ஒரு துண்டும் கிடையாது. என் ஓட்டு டோஃபுவுக்கு. முட்டை தன் வாசத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது, டோஃபு ஒதுங்கி நிற்கிறது.

உப்பில் ஊறப்போட்டு வைப்பதும் உண்டு. ஊறின முதல் சில நாட்களில் நைட்ரைட் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குவதால், மூன்று வாரமாவது விட்டுத்தான் தொடுவார்கள். மிஞ்சினதைச் சேமிக்க எளிய வழி, கொதிநீரில் போட்டெடுத்து, பிழிந்து, ஃப்ரீசரில் வைப்பது.

நாங்கள் பூண்டு, வெங்காயம் சேர்ப்பதில்லை. இதைச் சாப்பிடலாமா?

உங்களுக்காகவே வந்த பொருள் இது. சீன பௌத்த சைவ உணவிலும் பூண்டு, வெங்காய வகைகளுக்கு இடமில்லை. தைவானில் சைவ உணவுக்காரர்கள் சியாங்சுன் இலையை எண்ணெயோடு அரைத்துப் புட்டியில் வைத்துக்கொண்டு, நூடுல்ஸுக்கும் வறுத்த சோற்றுக்கும் ஒரு கரண்டி போடுகிறார்கள். அந்தப் புட்டி, தளிர்ப் பருவம் முடிந்த பிறகும் கடையில் கிடைக்கும். சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு அதைப் பிசைந்தால் நம் நாக்குக்கும் ஒத்துப்போகிறது.

காட்டில் பார்த்துப் பறிக்கலாமா?

மரம் தெரிந்தவர் கூட இல்லையென்றால் வேண்டாம். ஐலாந்தஸ் என்று ஒரு மரம், சீன மொழியில் சோவ்சுன், அதாவது நாற்றச் சுன். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். (நம்மூரில் தீக்குச்சிக்கு வளர்க்கிற பெருமரம் இந்த நாற்றச் சுன்னின் இனம்தான்.) பிரித்துப் பார்க்க வழிகள் உண்டு. சியாங்சுன்னின் கூட்டிலை பெரும்பாலும் நுனியில் இரட்டை இலையாக முடியும், ஐலாந்தஸ் ஒற்றை இலையில் முடியும். ஐலாந்தஸின் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஒன்றிரண்டு பற்கள் துருத்தியிருக்கும், அடியில் சுரப்பி தெரியும். முதிர்ந்த சியாங்சுன்னின் பட்டை நீளவாக்கில் உரிந்து தொங்கும், மற்றதன் பட்டை வழவழப்பு. இலையைக் கசக்கி முகர்ந்தால் சந்தேகமே இருக்காது.

சியாங்சுன் நம்மூரில் வளருமா?

மரம் வளர்வதில் சிக்கல் இருக்கக் கூடாது. இதன் இயற்கையான பரப்பு சீனத்தோடு நிற்பதில்லை. நேபாளம், வடகிழக்கு இந்தியா, மியான்மர், தாய்லாந்து வழியே ஜாவா வரை போகிறது. வடசீனத்தின் உறைகுளிரையும் தாங்குகிறது, தைவானின் சூட்டையும் தாங்குகிறது. ஆனால் தைவானில் பறிப்பது பெரும்பாலும் பச்சை இலை. அந்தக் கருஞ்சிவப்புக் கொத்து வேண்டுமென்றால் மரம் நன்றாக உறங்கி எழ வேண்டும், அதற்குக் குளிர்காலம் தேவை. கொடைக்கானல், கோத்தகிரி, ஏற்காடு உயரத்தில் முயல்வது நியாயம். மதுரை மாடித்தோட்டத்தில் வைப்பவர் இலைக்காக வைக்கலாம், பெய்ஜிங் சந்தையின் கொத்தை எதிர்பார்க்கக் கூடாது.

விதை இறகு வைத்தது, லேசானது, சீக்கிரம் உயிர் போய்விடும். பழைய விதையை நம்பாதீர்கள். வேர்த்துண்டை வெட்டி நட்டாலே முளைக்கும், பெரிய மரத்தைச் சுற்றி வேர்க்கன்றுகளும் தாமாக எழும். விட்டால் 25 மீட்டர் வரை போகும் மரம், ஆகவே தோளுயரத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். சீனத்தில் வணிகமாக வளர்ப்பவர்களும் இப்படிக் குட்டையாக, நெருக்கமாக நட்டு, கூடாரத்துக்குள் வைத்துச் சீனப் புத்தாண்டுக்கே தளிரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நட்ட முதல் ஆண்டு கை வைக்க வேண்டாம். பிறகும் எல்லாக் கொத்தையும் ஒடித்துவிட்டால் மரம் எதை வைத்து வளரும்?

வேறு எந்த மரத் தளிர்கள் சாப்பிடுகிறார்கள்?

சிச்சுவான் மிளகு மரத்தின் முள் தளிர், அதை மாவில் தோய்த்துப் பொரித்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும். வடகிழக்கில் மே மாதம் அராலியா மரத்தின் மொட்டு, ஜப்பானியர்கள் தாரா மொட்டு என்று டெம்புராவாகச் சாப்பிடுவதும் இதுவே. நான்ஜிங் பக்கம் கோஜி செடியின் கொழுந்து, நம் கீரைப் பொரியலுக்கு நெருங்கின ருசி. எல்ம் மரத்தின் வட்டமான இளங்காய்களை மாவோடு பிசறி ஆவியில் வேகவைப்பார்கள். ஷான்சி மாகாணத்தில் ரோபினியா மரத்தின் வெள்ளைப் பூவையும் அப்படியே. அந்த மரத்தில் பூ மட்டும்தான் உணவு. பட்டை, இலை, விதை எல்லாம் விஷம்.

யாங்மே பழத்தில் புழு இருக்குமாமே?

இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

யாங்மேக்குத் தோல் கிடையாது. கொட்டையைச் சுற்றி நூற்றுக்கணக்கான சாறு நிறைந்த மென்முளைகள் நெருக்கமாக நிற்பதுதான் பழம். இனிப்பு, புளிப்பு, கொஞ்சம் பிசின் வாசம், விரலெல்லாம் கருஞ்சிவப்பு. மேலே மூடி இல்லாததால் பழ ஈ முளைகளுக்கு நடுவே முட்டை வைத்துவிடுகிறது. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் வெள்ளை இழை போன்ற சின்னப் புழுக்கள் வெளியே வந்து மிதக்கும். வடித்து, நல்ல தண்ணீரில் அலசிச் சாப்பிடுவார்கள். வந்த புழுவை எண்ணுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். மனசு கேட்கவில்லையென்றால் மரத்துக்கு முழுதாக வலைக்கூடு போட்டு வளர்த்த பழமென்று கேட்டு வாங்குங்கள், விலை கூடும்.

செஜியாங் மாகாணம்தான் இதற்குத் தலைமையிடம். யூயாவ், சூசி பக்கத்தில் பிச்சி வகை: சிறிது, கருப்புக்கு நெருங்கின நிறம், நல்ல இனிப்பு. சியான்ஜூவில் தோங்குய்: ஒரு பழமே 20 கிராமுக்கு மேல் இருக்கும். ஷாங்யூவில் வெள்ளை யாங்மே கூட உண்டு. பெரிய பழத்தின் படத்தைப் பார்த்து எல்லோரும் தோங்குய் வாங்குகிறார்கள். எனக்குப் பிச்சிதான். சியான்ஜூ இருப்பது நம்மூர் வியாபாரிகள் போய்வருகிற இயூ நகரம் இருக்கிற அதே மாகாணத்தில்தான், எனவே ஜூனில் சரக்கு பார்க்கப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பறித்த மறுநாளே சாறு கசியத் தொடங்கிவிடும். அதனால்தான் வீட்டுக்கு வீடு தானியச் சாராயத்தில் ஊறப்போட்டு வைக்கிறார்கள். வெயில் தாக்கினாலும் வயிறு சரியில்லை என்றாலும் அந்த ஊறல் பழம் ஒன்று. ஒரு பழத்தில் ஏறியிருக்கும் சாராயம் குழந்தைக்கு ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

யாங்மே மரத்தை இங்கே நடலாமா?

சமவெளியில் வேண்டாம். அமில மண், மலைச்சரிவு, ஈரக்காற்று, மிதமான குளிர் என்று இது கேட்பதெல்லாம் தேயிலை கேட்பதுதான். அதோடு ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தோட்டங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு ஆண் மரம் விடுவார்கள், மகரந்தம் காற்றில் போகும். விதையிலிருந்து ஒற்றை மரம் வளர்த்து வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் அது ஆணாகப் போனால் என்ன செய்வீர்கள்? ஒட்டுக்கன்று கிடைத்தால் நீலகிரியில் பார்க்கலாம். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் வளமற்ற மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் என்பது இதன் நல்ல குணம்.

உத்தராகண்ட் மலைகளில் கோடையில் கூடையில் விற்கிற காஃபல் இதற்கு நெருங்கின உறவு. பழம் சிறிது, கொட்டை பெரிது. சீனா போக முடியாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

ஹுவாங்பி என்றால் என்ன? கறிவேப்பிலை மாதிரி இருக்கும் என்கிறார்களே?

மரம்தான் அப்படி. ஹுவாங்பியும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இலையைக் கசக்கினால் அந்த உறவு மூக்குக்குத் தெரியும். பழம் திராட்சை அளவில், மஞ்சள் பழுப்புத் தோலில் மெல்லிய மயிரோடு, கொத்துக் கொத்தாகத் தொங்கும். உள்ளே கண்ணாடி போன்ற சதை, பச்சை விதைகள். விதை கசக்கும், துப்பிவிட வேண்டும். தோலை உரித்துவிட்டுத் தின்றால் வெறும் புளிப்பு இனிப்பு. தோலோடு கடித்தால்தான் அதன் எண்ணெய் நாக்கில் ஏறிப் பழத்துக்கு ஒரு முகம் வருகிறது. பாதிப்பேர் இதைத் தெரியாமலே "சுமார்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பசித்தால் லிச்சி, வயிறு நிறைந்தால் ஹுவாங்பி என்று குவாங்டோங்கில் ஒரு சொலவடை. சாப்பாட்டுக்குப் பின் செரிமானத்துக்கு என்று பொருள். கோழி இதயம் என்று பெயர் வைத்த இனிப்பு வகை உண்டு, யூனான் என்கிற குவாங்டோங் வட்டாரத்தில் விதையில்லா வகை உண்டு. மாகாணமான யுன்னானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உப்பிலிட்டதும் காயவைத்ததும் ஆண்டு முழுதும் கிடைக்கும். தொண்டை கரகரப்புக்கு அதைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஹுவாங்பி இங்கே காய்க்குமா?

இந்தப் பட்டியலில் நம் சமவெளிக்கு நான் தயங்காமல் சொல்கிற மரம் இது ஒன்றுதான். தென்சீனம், வியட்நாம், தாய்லாந்து என்று வெப்பப் பகுதிகளிலேயே வாழ்வது. கேரளத்து நர்சரிகளில் 'வாம்பி' என்று கேட்டால் கன்று கிடைக்கிறது. தண்ணீர் தேங்காத மண், கோடையில் மண் காயாத நீர், போதும். பழத்திலிருந்து எடுத்த விதையை உலரவிடாமல் உடனே ஊன்ற வேண்டும், உலர்ந்தால் முளைக்காது. விதைக்கன்று காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆகலாம். ஒட்டோ பதியமோ ஆனால் காலம் பாதியாகும், பழமும் தாய்மரத்தைப் போலவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கறிவேப்பிலைக் கொழுந்தில் உட்கார்ந்து உறிஞ்சுகிற சிட்ரஸ் சில்லிட் பூச்சி இதிலும் குடியேறும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குக் கிரீனிங் நோயைக் கொண்டுபோவது அந்தப் பூச்சிதான். பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டம் இருந்தால் புதுத் துளிர் விடும்போதெல்லாம் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

குய்ஜோவின் முள் ரோஜாப் பழம் நெல்லிக்காயை மிஞ்சுமா?

வைட்டமின் சி-யில் மிஞ்சும். 100 கிராமில் 2,000 மில்லிகிராம் வரை போகும். ருசியில் மிஞ்சாது. முள்ளைத் தேய்த்துப் போக்கி, பிளந்து, விதையைச் சுரண்டிவிட்டுக் கடித்தால் புளிப்பும் துவர்ப்பும் வாயை இழுக்கும். சாறாகவோ காயவைத்த துண்டாகவோ சாப்பிடுவதே சுகம். இதன் தாவரப் பெயரான ரோசா ராக்ஸ்பர்கியில் இருப்பவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்துவிட்டு, 1793-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போனவர்.

லோஹான்குவோவை அப்படியே சாப்பிடலாமா?

அது பழமாகத் தின்பதற்கில்லை. குவாங்சியின் குய்லின் மலைகளில் விளைகிற பூசணிக் குடும்பத்துக் கொடி. காயவைத்த உருண்டையை உடைத்து வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். இதிலுள்ள மோக்ரோசைட் என்கிற பொருள் சர்க்கரையைவிட ஏறத்தாழ 250 மடங்கு இனிக்கும், ஒரு உருண்டை ஒரு கெட்டிலுக்குத் தாராளம். கொஞ்சம் வெல்லப்பாகின் புகைவாசம் உண்டு. இந்தியாவில் பாலம்பூரிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். இமாலய ஆய்வு நிறுவனம் சீனாவிலிருந்து விதை தருவித்து, 2021-ல் ஹிமாசலத்தின் குல்லுவில் வயல் சோதனை தொடங்கியது. குளிர்ந்த, பனிமூட்ட மலைக்கான பயிர். ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி, மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குவாய்ஸாவ்?

ஹோவேனியா மரம், இலந்தைக் குடும்பம். இதில் பழத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுக் காம்பைத் தின்ன வேண்டும். காம்பு புடைத்து, இஞ்சித் துண்டு போல முறுக்கிக்கொண்டு இருக்கும். உறைபனிக்கு முன் துவர்ப்பு, பின் கிஸ்மிஸ் இனிப்பு. குடிபோதை தெளிய இதன் கஷாயம் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். விதையின் ஓடு கடினம், அதைச் சுரண்டாமல் ஊன்றினால் நெடுங்காலம் கிடக்கும்.

சீன இலந்தையும் நம் இலந்தையும் ஒன்றா?

ஒரே பேரினம், வேறு சிற்றினம். அது இலை உதிர்த்துக் கடுங்குளிரில் நிற்கும், நம்முடையது வெயிலின் மரம். ஷான்டோங்கின் ஜான்ஹுவா வட்டாரத்துக் குளிர்கால இலந்தையைப் பச்சையாகத் தின்று பாருங்கள், கடித்தால் சத்தம் கேட்கும். சின்ஜியாங் பகுதியின் ஹோதான் இலந்தை காயவைத்துச் சாப்பிட.

ஆன்லைனில் விற்கும் விதைப் பொட்டலங்களை வாங்கலாமா? ஊருக்கு என்ன கொண்டுவரலாம்?

வாங்காதீர்கள். மேலே சொன்னவற்றில் பல, விதை உலர்ந்தாலோ பழசானாலோ முளைக்காதவை. முளைத்தாலும் தாய்மரத்தின் பழம் வராது. அதைவிட, வெளிநாட்டிலிருந்து விதை, கன்று கொண்டுவர 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். 1904-ல் நியூசிலாந்தின் பள்ளித் தலைமையாசிரியை இசபெல் ஃபிரேசர் சீனாவின் யீச்சாங்கிலிருந்து கொஞ்சம் விதை எடுத்துப்போனார், உலகச் சந்தையின் பச்சைக் கிவி அதிலிருந்து வந்தது. அந்தக் கதையைச் சொல்லி விமான நிலையத்தில் யாரும் தப்ப முடியாது.

கொண்டுவருவதென்றால் ஆலையில் பதப்படுத்தி மூடி ஒட்டிய பாக்கெட்டாக இருக்கட்டும். சியாங்சுன் அரைத்த புட்டி, சர்க்கரையில் பதப்படுத்திய ஹுவாங்பி, கொட்டை நீக்கிய இலந்தை. கொட்டையோடு இருக்கிற இலந்தையும் முழு லோஹான்குவோவும் சுங்கத்தில் கேள்வி வரக்கூடியவை. லோஹான்குவோ இடித்துத் தேநீர்ப் பையாகவும் விற்கிறது, அதை எடுங்கள். பச்சைப் பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், யாங்மே வைத்தால் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும்.